இன்னா சொன்னான்?

சுவரொட்டியில் வட்டத்துக்குள் 'ஏ' என்று போட்டிருந்தது. இல்லையென்று நான் சொல்லவில்லை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நின்று நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்துதான் பார்த்தோம்.

"ஏ போட்டுக்கீதே" என்றேன்.

எனக்கு வாய்த்த மனிதருக்குத் 'தெரியாது' என்ற ஒரு வார்த்தை மட்டும் தெரியாது. "கொட்டாய்ல புதுசா ஏசி போட்டுக்கீறான் இல்ல, அதுக்குத்தான் ஏ" என்றார். "ஜட்டிய பேண்ட்டுக்கு மேல போட்டுக்கினு பறக்கறவன் படத்துக்கு எவனாவது அந்த ஏ குடுப்பானா? சின்னப் பசங்க படம்."

சுவரொட்டியில் இருந்தவனுக்கு முகமூடி இருந்தது, முதுகில் துணி பறந்தது. பள்ளிக்கூடப் பைகளிலும் தண்ணீர் பாட்டில்களிலும் பார்க்கிற ஆட்களின் சாடைதான். நானும் நம்பிவிட்டேன். நாங்கள் படம் பார்ப்பதற்காகவா போகிறோம்? என் தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள், அதற்காகப் போகிறோம்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்களுக்கு அம்மா இல்லை. நைனா ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கிறார். தங்கையின் கல்யாணம் என் தலையில் இருந்தது. அவள் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். பார்க்க லட்சணமாக இருப்பாள், சமைப்பாள், வண்டி ஓட்டுவாள். ஒரே குறை, கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவாள். முதலில் வந்த மாப்பிள்ளையிடம், போட்டோவில் இருந்த முடி நேரில் எங்கே என்று கேட்டாள். அடுத்து வந்தவரின் அப்பா, பஜ்ஜி நீ போட்டதாம்மா என்று ஆசையாகக் கேட்டார். கடையில் வாங்கியது, சூடு மட்டும் நான் பண்ணினேன் என்றாள். அதற்கடுத்து வந்தவர்கள் காபி குடித்தார்கள், டம்ளரைக் கூடக் கீழே வைக்கவில்லை, அதற்குள் இவள் ஏதோ சொல்ல, எழுந்து போய்விட்டார்கள். 'வாயாடிப் பொண்ணு' என்ற பெயர் செய்யாறு தாண்டியும் போய்விட்டது.

இந்த முறை வந்தது திருமுக்கூடல் வரன். பையனுக்கு அப்பா இல்லை, அம்மா மட்டும். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. போட்டோவைத் தங்கையிடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. அன்று சாயங்காலம் போட்டோ டேபிளில் இல்லை, அவள் கைப்பையில் இருந்தது. இவளுக்கே பிடித்துவிட்டது, இனிமேல் கெட்டுப்போனால் தாங்க மாட்டாள்.

இனி பஜ்ஜி தட்டைத் தூக்கிக்கொண்டு யார் முன்னாலும் வரமாட்டேன் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். கோயிலில் பார்க்கலாம் என்றால், அங்கே பூக்காரம்மாவில் இருந்து குருக்கள் வரை எல்லாரும் தெரிந்தவர்கள், அர்ச்சனை முடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அப்போது என் வீட்டுக்காரர் கண்டுபிடித்த வழிதான் சினிமா கொட்டகை. மேட்னி ஷோ. இரண்டு குடும்பமும் தற்செயலாக வந்ததுபோல் வரும், தற்செயலாகப் பக்கத்துப் பக்கத்து சீட்டு கிடைக்கும், இருட்டில் தங்கையும் வாயை மூடிக்கொண்டிருப்பாள். மாப்பிள்ளை வீட்டிலும் சரி என்றார்கள்.

போகிற வழியெல்லாம் தங்கைக்குப் பாடம் நடத்தினேன். "இன்டர்வல் வரிக்கும் வாயத் தொறக்காத. கேட்டா சிரி. மறுபடியும் கேட்டா, மறுபடியும் சிரி."

"பைத்தியம்னு நெனச்சிக்கப் போறாங்கக்கா."

"நெனச்சிக்கட்டும். வாயாடின்னு நெனைக்கறதுக்கு அது பரவால்ல."

கொட்டகை வாசலில் டிக்கெட் கிழிப்பவர், இடுப்பில் குழந்தையோடு வந்த ஒருவரைத் தடுத்து, "பதினெட்டு ஆயிடுச்சாபா?" என்று கேட்டார். "எனக்கு எப்பவோ ஆயிடுச்சி" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்காரரைப் பார்த்தேன். "ஏசில கொயந்திக்கு சளி புடிச்சிடும்னு கேக்கறான்" என்றார்.

உள்ளே உட்கார்ந்தோம். ஓரத்தில் மாப்பிள்ளை, அடுத்து அவர் அம்மா, அடுத்து சுவர் மாதிரி நான், எனக்கு அந்தப் பக்கம் தங்கை, கடைசியில் என் வீட்டுக்காரர். அந்த அம்மா வாட்டசாட்டமாக, தலை நிறையப் பூவோடு, பட்டுப்புடவையில் இருந்தார். குரல் கணீரென்று இருந்தது. "எனக்குக் காது சரியா கேக்காதும்மா. மிஷின் பையில கீது. போட்டா மண்டைக்குள்ள தகரம் அடிக்கற மாரி பேஜாரா கீது, அதான் போடறதில்ல" என்று என்னிடம் சொன்னது நான்கு வரிசைக்குக் கேட்டது.

படம் ஆரம்பித்தது. எங்கள் ஊர் ஜனங்கள் படம் பார்க்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். பெயர் போடும்போதே விசில். நாயகன் பறந்து வந்து நின்றபோது, அவனை முன்பின் தெரியாதவர்கள் கூட எழுந்து நின்று கத்தினார்கள். எனக்குப் பின்னால் ஒருவர் போனில், "கொட்டாய்ல கீறேன். மாட்ட நீயே புடிச்சிக் கட்டு. கயிறு மோட்டார் ரூம்ல கீது" என்று நிதானமாக வழி சொல்லிக்கொண்டிருந்தார். பறக்கிறவன் ஒரு கட்டடத்தை இடித்துத் தள்ளுவதற்குள் மாடு கட்டியாகிவிட்டது.

பிறகு நாயகன் ஒரு ஆளைப் பிடித்து இரண்டாகக் கிழித்தான். கொட்டகை முழுக்க அப்பா அம்மாக்களின் கைகள் பிள்ளைகளின் கண்ணுக்குப் போயின. "கைய எடுமா, நான்தான் பாத்துட்டேனே" என்று முன் வரிசையில் ஒரு பெண்குழந்தை எரிந்து விழுந்தது. நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த ஏசியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதோடு விட்டார்களா? கிழிபட்டவனின் கூட்டாளி வாயைத் திறந்தான். வெளிநாட்டுப் படம்தான், ஆனால் தமிழில் பேச வைத்தவர்கள் நம் பக்கத்து ஆட்கள் போலிருக்கிறது. கோட்டு சூட்டு போட்ட வெள்ளைக்காரன், எங்கள் தெருக் குழாயடியில் தண்ணீர் வராத நாளில் கேட்கிற வார்த்தையை அப்படியே, சுருதி பிசகாமல் சொன்னான். அந்த வார்த்தையை இங்கே எழுத மாட்டேன். கோடிட்ட இடமாக விடுகிறேன், நிரப்பிக்கொள்ளுங்கள். கொட்டகை அதிர்ந்தது. விசில் என்ன, கைதட்டல் என்ன, சொந்தக்காரனை வெளியூரில் பார்த்த சந்தோஷம் அவர்களுக்கு.

சிரிப்புச் சத்தம் மட்டும் அந்த அம்மாவுக்கு எட்டியிருக்க வேண்டும். மகன் பக்கம் சாய்ந்து, "எல்லாரும் சிரிக்கறாங்களே, இன்னாடா சொன்னான்?" என்றார்.

"ஒண்ணும் இல்லம்மா."

என் பக்கம் திரும்பினார். "இன்னாம்மா சொன்னான்?"

"வணக்கம் சொன்னான்மா" என்றேன். வேறென்ன சொல்ல?

"வணக்கம் சொல்றதுக்கா மூஞ்ச அப்டி வெச்சிக்கினு கீறான்?"

வசவு அடுத்தடுத்து வந்தது. ஒவ்வொரு தடவையும் கொட்டகை சிரித்தது, ஒவ்வொரு தடவையும் அந்த அம்மா கேட்டார், ஒவ்வொரு தடவையும் மகன் "ஒண்ணும் இல்லம்மா" என்றார். ஒருமுறை என் வீட்டுக்காரர் உதவிக்கு வந்து, தங்கையையும் என்னையும் தாண்டி எட்டி, "ஊட்டுக்குப் போவலாம்னு சொல்றாம்மா" என்று கத்தினார். திரையில் அவன் கையில் கோடாலி இருந்தது.

இடைவேளைக்குச் சற்று முன்னால் வில்லன் ஒரு நீளமான வசவை எடுத்து விட்டான். அதுவரை வந்ததெல்லாம் ஒத்திகை என்று சொல்லும்படி இருந்தது. ஜனங்கள் சீட்டைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். அந்த அம்மாவும் இவர்கள் சிரிப்பதைப் பார்த்து, என்னவென்றே தெரியாமல் கொஞ்சம் சிரித்தார். பிறகு மகனைப் பார்த்தார். கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை. தலையைக் குனிந்து முந்தானை நுனியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

நான் அதைப் பார்த்தேன். என் தங்கையும் அதைப் பார்த்துவிட்டாள் என்பது தெரிந்ததும் அவள் கையை அழுத்திப் பிடித்தேன். உதறினாள். என் மடிமேல் பாதி படுத்து, அந்த அம்மாவின் காதருகே இரண்டு கையையும் குவித்து, வகுப்பில் கடைசி பெஞ்சுக்குப் பாடம் சொல்கிற குரலில், வில்லன் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் திரையில் நாயகனின் நண்பன் உயிர் விட வேண்டுமா? பாட்டு இல்லை, வெடி இல்லை, கொட்டகையில் ஈ பறந்தால் கேட்கும். என் தங்கையின் குரல் மட்டும் நாலு சுவரிலும் பட்டுத் திரும்பி வந்தது.

எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. பின்னால் இருந்து மாடு கட்டச் சொன்னவரின் குரல் வந்தது. "டேய், இது எம் பொண்ணோட கணக்கு டீச்சர்டா!"

கைதட்டினார்கள். நாயகனுக்கு அடித்ததைவிடப் பெரிய விசில். என் வீட்டுக்காரர் சீட்டில் சறுக்கிக்கொண்டே போய்க் கண்ணுக்கு மறைந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கைப்பையில் இருக்கும் அந்தப் போட்டோதான் நினைவுக்கு வந்தது. பாவி, உன் வாயால் நீயே கெடுத்துக்கொண்டாயே என்று தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

அந்த அம்மாவின் தோள் குலுங்கியது. ஐயோ, அழுகிறார் என்று நினைத்தேன். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தார். அடக்க முடியாமல் துணியை எடுத்துவிட்டு, தன் கணீர்க் குரலில், அதே வசவை ஊருக்கே கேட்கும்படி திருப்பிச் சொல்லி, "இப்டியா சொன்னான்?" என்றார்.

"ஆமாம்மா" என்றாள் தங்கை.

"அதுக்கு அவன் இன்னா சொன்னான்?"

என்னை எழுப்பிவிட்டு என் சீட்டில் அவள் உட்கார்ந்தாள். இடைவேளைக்குப் பிறகு படம் இரண்டு குரலில் ஓடியது. திரையில் ஒருமுறை பேசுவார்கள், பிறகு என் தங்கை ஒருமுறை பேசுவாள். யாரும் சத்தம் போட வேண்டாம் என்று சொல்லவில்லை. போனில் பேசிக்கொண்டிருந்து கதையை விட்டவர்கள் கூட அவளிடம் சந்தேகம் கேட்டார்கள்.

கடைசியில் அந்த மாதிரிக் காட்சியும் வந்தது. நாயகன், ஒரு பெண், ஓர் அறை. கொட்டகைக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டது. ஒருவர் செருப்பைத் தேடினார், ஒருவருக்கு இருமல் பிடித்தது, குழந்தைகளை அள்ளிக்கொண்டு ஒரு கூட்டம் பாப்கார்னுக்கு ஓடியது. "ஓட்டி வுடுபா!" என்று முன்னாலிருந்து ஒருவர் கத்த, "வேணாம்பா, ஓட்டாத!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"இப்ப இன்னா சொல்றாங்க?" என்றார் அந்த அம்மா.

"இப்ப ஒண்ணும் சொல்லலம்மா" என்றாள் தங்கை.

"அதான் தெரியுதே" என்றார் அவர்.

படம் விட்டு வெளியே வந்தோம். மாப்பிள்ளை பைக் எடுக்கப் போனார். தங்கை முகம் கழுவப் போனாள். நான் அந்த அம்மாவின் காதருகே போய், "மன்னிச்சிடுங்கம்மா. அம்மா இல்லாத பொண்ணு, கொஞ்சம் வாய்" என்று கத்தினேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம் புள்ள தங்கமான புள்ளம்மா. என்னை ஒரு சொல்லு சொல்ல மாட்டான். ஆனா எது கேட்டாலும் ஒண்ணும் இல்லம்மா, ஒண்ணும் இல்லம்மா. எங்க வூட்டுக்காரர ஆஸ்பத்திரில வெச்சிக்கினு இருந்தோம். டாக்டரு வந்து எம் புள்ளைகிட்ட ஏதோ சொன்னாரு. இன்னாடா சொன்னாருன்னு கேட்டேன். ஒண்ணும் இல்லம்மான்னான். நான் நம்பி வூட்டுக்குப் போயி தல குளிச்சினு இருந்தேன். அதுக்குள்ள போயிட்டாரு." கையை விடவில்லை. "எனக்கு இந்தப் பொண்ணு போதும்."

எது கேட்டாலும் சிரி என்று என் தங்கைக்குப் பாடம் சொல்லிக் கூட்டி வந்தவள் நான்.

மாப்பிள்ளை பைக்கோடு வந்தார், அந்த அம்மா பின்னால் ஏறி உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டே தங்கை ஓடி வந்தாள். முகம் வெளிறியிருந்தது. "அக்கா, அவங்க இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். பிறகு அந்த அம்மா சொன்னதை, ஆஸ்பத்திரியையும் சேர்த்து, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டு நின்றாள். மூக்கை உறிஞ்சினாள். திடீரென்று நகரப்போன பைக்கை நோக்கி ஓடி, "அத்தே!" என்று கூப்பிட்டு, அவர் காதில் கை குவித்து ஏதோ சொன்னாள். அந்த அம்மா சிரித்து அவள் கன்னத்தைத் தட்டினார். மாப்பிள்ளையும் அன்று முதல் முறையாகச் சிரித்தார்.

அவள் திரும்பி வந்ததும், "இன்னாடி சொன்ன?" என்றேன். எனக்கு இன்னும் பயம் போகவில்லை.

"அந்த மிஷின இன்னைலேர்ந்து போட்டுப் பழகுங்க, இல்லன்னா கல்யாணத்துக்குள்ள என் தொண்ட போயிடும்னு சொன்னேன்."

"உள்ள எவ்ளோ குளுரு பாத்தியா? ஏ-ன்னா ஏசிதான்" என்றார் என் வீட்டுக்காரர், யாரும் கேட்காமலே. பைக் செங்கல்பட்டு ரோடு பக்கம் திரும்பும்போது, அந்த அம்மா ஒரு கையால் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் தன் கைப்பைக்குள் துழாவிக்கொண்டிருந்தார்.