குழுவில் சேர்ந்த சலூன்காரர்

கத்தரிக்கோலை வெறும் காற்றில் சில தடவை வெட்டிப் பார்த்த பிறகுதான் சலூன்காரர் தலையில் கைவைப்பார். கை வைத்ததும் வாய் திறந்துகொள்ளும். யார் வீட்டு மோட்டார் பழுது, எந்த மந்திரி எப்போது கவிழ்வார், எதையும் விடமாட்டார்.

வன்முறைக் கும்பல்களிடம் இளைஞர்கள் சிக்காமல் தடுக்க வட்டாரத்தில் ஒரு மக்கள் குழு அமைத்தார்கள். நாலு பேர் வந்துபோகும் இடமாயிற்றே என்று சலூன்காரரையும் அதில் சேர்த்தார்கள். பயிற்சி கொடுக்க வந்த அதிகாரி, "திடீர்னு தாடி வளர்க்கிறவங்களைக் கவனிச்சு, பேரை எங்ககிட்ட குடுங்க" என்றார்.

"தாடி வளர்க்கிறவன் என்கிட்ட எதுக்கு சார் வரப்போறான்?"

"சரி, திடீர்னு அமைதியாயிடுறவங்க?"

"நான் பேச ஆரம்பிச்சா எல்லாருமே அமைதிதான் சார்."

அதிகாரி இரண்டையும் குறித்துக்கொண்டு, அவர் கழுத்தில் ஓர் அடையாள அட்டையை மாட்டிவிட்டார். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. குளிக்கும்போதாவது அதைக் கழற்றச் சொல்லி மனைவி கெஞ்ச வேண்டியிருந்தது.

மறுவாரமே கடையின் குரல் மாறிப்போனது. "வேலையெல்லாம் எப்படிண்ணே போகுது?" என்று இவர் கேட்டால், நாற்காலியிலிருந்து "வெயில் ஜாஸ்திண்ணே" என்று பதில் வந்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அரசாங்கத்தைத் திட்டுவதற்காகவே சவரத்துக்கு வரும் ஓய்வுபெற்ற வாத்தியார், "நல்லாட்சிதான் நடக்குது" என்று அட்டையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பாதிச் சவரத்தோடு எழுந்தார்.

இதையெல்லாம் சிரித்துத் தள்ளியிருப்பார். தங்கை வந்து நின்றபோது சிரிப்பு வரவில்லை.

"அண்ணே, வேலை போனதுலேர்ந்து என் பையன் ஒரு கும்பலோட சுத்துறான். பக்கத்துத் தெருக்காரங்களை அடிக்கணும், கடையைக் கொளுத்தணும்னு பேசுறானுங்க. முன்னெல்லாம் உன்கிட்டயாவது வந்து கொட்டுவான். இப்ப இந்தப் பக்கம் தலைவச்சும் படுக்கறதில்ல."

"அனுப்பு. நான் பேசிக்கிறேன்."

"நீ பேசிக் கிழிச்சது போதும்ணே. அவன் என்ன சொல்றான்னு கேளு."

மருமகன் வந்தான். வாசலைத் தாண்டவில்லை.

"என் பேரைக் குடுத்தாச்சா மாமா?"

"இல்லடா."

"எப்ப குடுப்பீங்க?"

பயிற்சியில் சொல்லிக்கொடுத்த வசனம் ஒன்றும் அந்த முகத்துக்குப் பொருந்தவில்லை.

"நான் சொல்றதைக் காதுகுடுத்துக் கேக்குறது அந்தப் பசங்கதான் மாமா. வேற யாரு இருக்கா?"

சலூன்காரர் வாடிக்கையாளர் நாற்காலியில் தானே உட்கார்ந்தார். துணியைச் சுற்றிக்கொண்டு, தாடையில் நுரையைக் குழைத்துப் பூசினார். சவரக்கத்தியைத் திறந்து அவனிடம் நீட்டினார்.

"எனக்கு வராதே மாமா."

"மெதுவா இழு. இழுத்துக்கிட்டே எல்லாத்தையும் சொல்லு. நான் வாயைத் திறந்தா வெட்டிடும்."

மோவாயை உயர்த்தி, கண்ணை மூடிக்கொண்டார்.