அபூதாஹிர் நானாவும் சங்கில் ஒரு முகமும்

பிரிட்டிஷ் கடற்படை மூட்டை கட்டிக்கொண்டு போனதோடு திருகோணமலை செத்துவிட்டது என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தேயிலை ஏற்றக் கப்பல் வந்தது, புல்மோட்டைக் கனிமணல் ஏற்றக் கப்பல் வந்தது. நான் தேயிலைக் கிட்டங்கியில் கிளாக்கராக இருந்தேன். கிட்டங்கியைத் தாண்டி இறங்குதுறைக்குப் போகும் வழியில் ஒரு கண்ணாடிப் பெட்டியும் ஒரு கதிரையும் இருக்கும். கதிரையில் அபூதாஹிர் நானா இருப்பார். சோகி என்கிற சோழி மாலை, சங்கு மோதிரம், சிப்பிப் பொத்தான் என்று கரையிறங்கும் மாலுமிகளுக்கு விற்பார். வாய் சாமர்த்தியம் என்பது துளியும் இல்லாத மனிதர். யாராவது விலை கேட்டால் கையும் களவுமாகப் பிடிபட்டவர்போல் முழிப்பார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஓர் இத்தாலியக் கப்பல் இயந்திரம் பழுதாகி, வாடைக் காலம் முழுக்க உள்துறைமுகத்தில் கிடந்தது. அதில் ஜென்னாரோ என்றொரு தச்சன் இருந்தான். ஒருநாள் நானாவின் பெட்டிக்குப் பக்கத்தில், இறக்கக்கண்டி மீன்பிடிகாரர் கொண்டுவந்து போட்ட பெரிய தடித்த சங்கு ஒன்றைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டான். நேப்பிள்ஸ் பக்கம் கடலோரத்தில் அவனுடைய ஊராம். அங்கே வீட்டுக்கு வீடு இந்தச் சங்கைச் செதுக்கித்தான் பிழைக்கிறார்களாம். தகப்பனுக்கும் அண்ணன்மாருக்கும் அதே வேலை, இவன் மட்டும் கப்பலேறிவிட்டானாம். அரைகுறை இங்கிலீசில் அவன் சொன்னதை அரைகுறை இங்கிலீசில் விளங்கி நானாவுக்குச் சொன்னவன் நான்தான். எங்கள் மூன்று பேருக்கும் சண்டை பிடிக்கும் அளவுக்கு அது போதுமாயிருந்தது.

அந்த வேலையை அவன் நானாவின் வீட்டு முன்னறையில் வைத்து அவருக்குப் பழக்கத் தொடங்கினான். அந்தச் சங்கின் ஓட்டில் மேலே பால்வெள்ளை, அடியில் செம்மண் நிறம். முட்டை வடிவில் ஒரு துண்டை அறுத்து, தோணிக்குப் பூசும் கீலை உருக்கி, ஒரு தடியின் நுனியில் ஒட்டவேண்டும். தடியை இடக்கையில் பிடித்துக்கொண்டு வெள்ளையை உளியால் சுரண்டிக்கொண்டே வரவேண்டும். விட்ட வெள்ளை உருவமாக நிற்கும், சுரண்டிய இடத்தில் சிவப்புத் தெரியும். கொஞ்சம் கூடச் சுரண்டினால் மூக்குப் போய்விடும். பழைய குடைக்கம்பியைத் தீட்டினால் நல்ல உளி வரும் என்று ஜென்னாரோ சொன்னான். நானாவின் மனைவி நஜ்முன் நிஸா ராத்தாவின் குடைதான் முதலில் அநியாயமாய்ப் போனது.

ஜென்னாரோவுக்கு ஒரே ஒரு முகம்தான் தெரியும். பக்கவாட்டில் பார்க்கும் ஒரு பெண். நெற்றியிலிருந்து நேரே இறங்கும் மூக்கு, சின்ன உதடு, காதோரம் சுருண்ட முடி. அவன் தகப்பனும் அதைத்தான் செதுக்கினாராம். அதையே நானாவைத் திரும்பத் திரும்பச் செதுக்க வைத்தான். நானா பொறுமையாகச் செதுக்குவார். முடிந்ததும் தானே அரத்தை எடுத்து அந்த முகத்தை அராவித் தள்ளிவிடுவார்.

“பழகுறத்துக்குச் செஞ்சன், தம்பி. வச்சிருக்க ஏலா. உசிருள்ள ஒண்ட உருவம் செய்யிறது எங்களுக்கு ஹறாம்” என்றார்.

இதை நான் ஜென்னாரோவுக்கு எப்படிச் சொல்வது? எங்கள் மாதா கோயிலில் முகமில்லாத சுருவச் சிலை ஒன்றுகூட இல்லை. ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவன் வானத்தைப் பார்த்துக் கத்தினான். வாழையிலையைப் போட்டுவிட்டுச் சோறு வைக்காத வேலை என்கிறான் என்று நான் மொழிபெயர்த்தேன். அவன் உண்மையில் சொன்னது இதைவிட மோசம். ராத்தா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “மொகம் படைக்கிறது அல்லாஹ்ட வேல. அதுக்க இவர் என்னத்துக்குக் கை வைக்கிற?” என்று கேட்டார். அதோடு கதை முடிந்தது.

கப்பல் சரியாகிப் போய்விட்டது. நானா பூவும் கொடியும் பாய்மரமும் செதுக்கினார். முல்லைக் கொடி ஒன்று செதுக்குவார், இலை நரம்பு தெரியும். பின்னால் நிலாவெளிக்கு உல்லாசப் பயணிகள் வரத் தொடங்கியபோது வெள்ளைக்காரிகள் அதைத் தேடி வந்து வாங்கினார்கள். அந்தக் காலத்துப் பின்னேரங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. வேலை விட்டு வந்து, நானாவின் பெட்டியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, கப்பல்களின் பெயர்களைப் பிழையாக வாசித்துச் சிரிப்போம். அதைவிடப் பெரிய சந்தோஷம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

ராத்தா தன்னைப் படம் பிடிக்க ஒருநாளும் விட்டதில்லை. அடையாள அட்டைக்காகப் படம் பிடிப்பவர் ஒழுங்கைக்கு வந்த அன்றும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். பிறகு எடுக்கலாம், பிறகு எடுக்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனார். எழுபதுகளின் நடுவில் ஒரு காய்ச்சல் வந்தது, போய்விட்டார். அவர்களுடைய ஒரே மகள் றஹ்மா அப்போது சின்னப்பிள்ளை.

சில வருடங்கள் கழித்து ஒருநாள் நானா பெட்டியைத் திறக்காமல் கதிரையில் சும்மா இருந்தார். என்ன என்று கேட்டேன்.

“மகள் இண்டைக்கு ஒண்டு கேட்டா, தம்பி. ‘உம்மாட மொகம் எனக்கு வருகுதில்ல வாப்பா, எப்பிடி இருந்த?’ எண்டு கேட்டா.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“வடிவா இருந்தா எண்டன். வேற என்னத்தச் சொல்ற?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “நானா, இந்த ஊரில ஒரு முகத்தைச் சங்கில கொண்டுவர ஒரு ஆளாலதான் ஏலும். அது நீங்கள்தான். பிள்ளை தாயைக் கேட்குது. முல்லைப் பூவையா குடுக்கப் போறீங்கள்?”

“ஏலும் எண்டுறது வேற, செய்யலாம் எண்டுறது வேற” என்றார். ஆனால் அவருடைய விரல்கள் சும்மா இருக்கவில்லை, சாரத்தின் கரையை நிமிண்டிக்கொண்டிருந்தன.

பிறகு கொஞ்ச நாள் அவர் துறைமுகப் பக்கமே வரவில்லை. நான் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் இருந்த நானா, ஒரு தடியைத் துணியால் சுற்றி வைத்திருந்தார். துணியை எடுத்துவிட்டுக் கேட்டார்.

“தம்பி, நீ சொல்லு. இது ஆரு?”

அப்படி ஒரு வேலையை நான் அதற்கு முன் கண்டதில்லை. கண்ணிமைகூடத் தெரிந்தது. ஆனால் நெற்றியிலிருந்து நேரே இறங்கிய மூக்கு, சின்ன உதடு. ஜென்னாரோவின் பெண் முக்காடு போட்டுக்கொண்டு இருந்தாள்.

“மூண்டு தரம் செஞ்சிட்டன். மூண்டு தரமும் இந்த இத்தாலிக்காரிதான் வாறா. என்ட கைக்கு வேற மொகம் தெரியா. இப்ப கண்ண மூடினாலும் இவட மூக்குத்தான் நிக்கிது. என்ட பொஞ்சாதிட மொகம் எனக்கும் போயிட்டு, தம்பி.”

அவர் அழுதார். நானும் அழுதேன். எந்தக் கடலிலோ போய்க்கொண்டிருக்கும் ஒரு தச்சனை வாயில் வந்தபடி திட்டினேன். அவன் என்ன செய்வான், பாவம், தனக்குத் தெரிந்ததைத்தானே கற்றுக்கொடுத்தான். நானா அரத்தை எடுத்து அந்த முகத்தை அராவினார். வெள்ளைத் தூள் அவருடைய மடியில் கொட்டியது.

இனி அவர் உளியைத் தொடமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் நோன்புப் பெருநாளுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார். வட்டிலப்பத்தைச் சாப்பிட்டு முடித்ததும் றஹ்மாவை அழைத்து, அவளுடைய கையில் ஒரு சங்குத் துண்டை வைத்தார்.

அதில் ஒரு பெண் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தாள். தலை கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. முக்காடு தோளுக்கு வழுவி, கொண்டை ஒரு பக்கமாய்த் தொங்கியது. பிடரியில் அடங்காத இரண்டு மூன்று முடிகள்.

“இதுல மொகம் இல்ல, தம்பி. அதால மனசுக்கு உறுத்தல் இல்ல” என்று என்னிடம் மெல்லச் சொன்னார். “கல்யாணம் முடிச்ச நாள் தொட்டு இந்த இடத்துல இரிந்துதான் வேல செஞ்சனான். அவ அங்க, குசினி வாசலுக்கு அங்கால, தேங்காய் திருவிக்கொண்டு இரிப்பா. மொகத்த நான் எங்க பாத்த? இதத்தான் பாத்த.”

றஹ்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அது யார் என்று நாங்கள் சொல்லவில்லை.

“உம்மா” என்றாள்.

நானா சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கண்டு எத்தனையோ காலம். அவர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே றஹ்மா அந்தத் துண்டை மெதுவாக மறுபக்கம் திருப்பினாள், முகத்தைப் பார்க்க.