கெல்வின் வீசிய இரண்டு வாளி உப்பு

டாம்சின் ஆறு குளிர்காலம் எங்கள் மலை உணவகத்தில் பாத்திரம் கழுவினாள். முப்பத்து நான்கு வயது. ஆஸ்திரேலியாவின் ஜிண்டபைன் ஏரிக்கரையில் கேரவனில் குடியிருப்பு. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: பனிச்சறுக்குக்காரர்கள் எழும்பித் தாவும் குதிமேடுகளைப் பனியில் செதுக்கும் எங்கள் குழுவில் ஓர் இடம். போன செப்டம்பரில், குளிர்காலம் முடியும் நேரத்தில்தான், மேஸ்திரி டார்சி இறங்கி வந்தான்.

"சீசன் முடியறதுக்குள்ள என் கண்ணு முன்னாடி குதிமேட்டுல எழும்பி அந்தரத்துல ஒரு முழுச்சுத்து சுத்தி, விழாம இறங்கு. அடுத்த வருஷம் எடுத்துக்கறேன்."

குழுவில் ஐந்து பேருக்குத்தான் இடம். மூத்தவன் நான், ஐம்பத்தொன்று. அவள் உள்ளே வந்தால் வெளியே போவது யார் என்று எவனும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மதிய இடைவேளைதோறும் பனிப்பலகையோடு வருவாள். எழும்பியதும் கீழே தரையைப் பார்ப்பாள். தலை நின்றால் உடம்பும் நின்றுவிடும். பாதிச் சுற்றில் முதுகு அடிபட விழுவாள். விழுந்தவருக்கு மண்வெட்டியைத் தட்டித் தாளம் போடுவது எங்கள் வழக்கம்.

"பாத்திரத்த கவுத்துட்டாடா!" என்பான் குழுவிலிருந்த ரீஸ்.

"இருடா, உன் தட்டுல துப்பித் தர்றேன்" என்று மறுபடி ஏறுவாள்.

கடைசி நாள் காலை, தோளுக்கு மேலே பார்த்தபடி சுழன்று இரண்டு முறை சரியாக இறங்கிவிட்டாள். மேட்டை நோக்கிச் சறுக்கக் கிளம்பிய இடத்தில் அடையாளத்துக்கு மூங்கில் கழி நட்டாள்.

"நான் பாக்கல. மூணு மணிக்கு வா" என்றான் டார்சி.

இரண்டரைக்கு வெயிலில் பனி கஞ்சியாகிவிட்டது. குதிமேட்டுக்குச் சறுக்கி வரும் ஓட்டப்பாதையில் உப்புப் போடச் சொன்னான் டார்சி. இரண்டு வாளி வீசினேன். ஈரப்பனியில் உப்பு விழுந்தால் இறுகிவிடும், பலகை பறக்கும். அப்புறம் வெகுவாகக் கீழே வந்துதான் கிளம்ப வேண்டும். பாத்திரம் கழுவுகிறவளுக்கு இது எப்படித் தெரியும்? தன் கழிக்கே ஏறினாள். டார்சி இறங்குமிடத்தில் நின்றான்.

"கெல்வின், சொல்லித் தொலைடா" என்றான் ரீஸ்.

"ஏன், உனக்கு வாயில்லையா?"

அவனும் சொல்லவில்லை.

சுற்று அழகாகத்தான் வந்தது. ஆனால் இறங்கும் சரிவைத் தாண்டிப் போய்ச் சமதரையில் விழுந்தாள். முழங்கால் போன சத்தம் மேலே நின்ற எனக்கே கேட்டது.

"சுத்துனேனா?"

"சுத்துன. நிக்கலையே" என்றான் டார்சி.

தூக்குப்படுக்கையில் வைத்துக் கட்டும்போது என் பக்கம் திரும்பினாள். "காலைய விட வேகமா இருந்துச்சே, ஏன்?"

"வெயிலு" என்றேன்.

இந்த ஜூனில், புது சீசனுக்கான குழுப் பட்டியலில் மறுபடி என் பெயர் வந்தது. டாம்சின் ஊன்றுகோலோடு வந்து கைகொடுத்தாள். கையுறையைக் கழற்றாமலே வாங்கிக்கொண்டேன்.