காப்பு கட்டிய வாரத்தில் விழுந்த ஆபரேசன் தேதி

பதுளையில், ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் மிட்வைஃபாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் அனுபவம் கேட்கிறார்கள். நல்லபடியாக முடிந்த பிரசவங்களைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சாந்தியைப் பற்றிச் சொல்கிறேன்.

1. திரைக்கு உள்ளே

சாந்தி மலையில் கொழுந்து எடுக்கிறவள். இரண்டாவது பிள்ளை வயிற்றில். மாசம் ஏறிப்போயிருந்தது. முதல் பிள்ளை பிறக்கும்போதே எடை கூடிய பிள்ளை. தலை வந்த பிறகு தோள் மாட்டிக்கொண்டது. எப்படியோ எடுத்தார்கள். அந்தப் பெண் குழந்தைக்கு இன்றைக்கும் வலது கை மேலே எழும்பாது. தாய்க்கு ஆசனவாய் வரை கிழிந்துவிட்டது. ஆபரேசன் தியேட்டருக்குக் கொண்டுபோய்த் தைத்தார்கள். காயம் ஆறியது, ஆனால் மலத்தை அடக்கும் பலம் முழுசாகத் திரும்பி வரவில்லை. இதை எழுதக் கூசுகிறவர்கள், படிக்கக் கூசுகிறவர்கள் இந்த வேலைக்கு வரவேண்டாம்.

வீட்டில் அவள் யாரிடமும் சொல்லவில்லை. பழைய துணியை மடித்து வைத்துக்கொண்டு மலைக்குப் போவாள். கொழுந்து நிறுக்கும்போது மற்றப் பெண்கள் மூக்கைப் பொத்தி நகர்வார்கள் என்று, தானாகவே வரிசையின் கடைசியில் போய் நிற்பாள். அடிக்கடி மலையை விட்டு இறங்கி ஓடுகிறாளே என்று மாமியார் ராக்காயி அவளுக்குச் சோம்பேறிப் பட்டம் கட்டியிருந்தாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

கிளினிக் டொக்டர் சிங்களவர், பொறுமையான மனிதர். இரண்டு வழியும் இருக்கிறது என்று எனக்கு விளக்கினார். நோர்மலாகப் பெற்றால் மறுபடியும் கிழியலாம், கிழிந்தால் இந்தத் தொல்லை ஆயுசுக்கும் நிற்கலாம். ஆபரேசனில் அந்தப் பயம் குறைவு, ஆனால் அதற்கும் அதற்கான ஆபத்து உண்டு. எது வேண்டும் என்று அவளே சொல்லட்டும் என்றார்.

நான் தமிழில் சொன்னேன். சாந்தி மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். ராக்காயி பதில் சொன்னாள்.

"நோர்மலே போதுங்க. எங்க வம்சத்துல வயித்தக் கிழிச்சவங்க யாரும் இல்ல."

நம்முடைய கிளினிக்குகளில் வேலை நடக்கிற விதம் இதுதான். டொக்டர் நம்மிடம் கேட்பார், நாம் பிள்ளைத்தாய்ச்சியிடம் கேட்போம், மாமியார் பதில் சொல்வாள், அதையே பிள்ளைத்தாய்ச்சி சொன்னதாக நாம் திருப்பிச் சொல்வோம். யாருக்கும் சிரமம் இல்லை. அன்று டொக்டர் பேனாவை எடுத்துவிட்டார். நான் விடவில்லை. "சேர், இது மாமியாரின் பதில். நோயாளி இன்னும் வாயைத் திறக்கவில்லை" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, ராக்காயியை வெளியே உட்காரச் சொல்லித் திரையை இழுத்துவிட்டேன்.

சாந்தி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வெட்டிருங்க மிஸ். இன்னொரு தடவ கிழிஞ்சா நான் மனுசியா நடமாட முடியாது."

டொக்டர் தேதி கொடுத்தார். அன்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. ஒரு பெண்ணின் வாயைத் திறக்க வைத்துவிட்டோமாம்!

2. மஞ்சள் கயிறு

தேதி வந்தது. வார்டுக்கு ஃபோன் பண்ணிப் பார்த்தேன், சாந்தி வரவில்லை. கிளம்பி, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். லயம் முழுக்க மாவிலைத் தோரணம், கோயிலில் ஸ்பீக்கர். மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். ராக்காயி நல்ல மரியாதையாக எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, திருவிழா முடியட்டும் என்றாள்.

ராக்காயி கத்திக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். மருமகளால் கூடை சுமக்க முடியாமல் போய்விடும் என்று யோசிக்கிறாள் என்றும் நினைத்தேன். அதற்கெல்லாம் மூச்சு வாங்கப் பதில் சொன்னேன். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. சாந்தியின் புருஷன் மகேந்திரன் தீச்சட்டி எடுக்கக் காப்புக் கட்டியிருக்கிறான். பிள்ளை பிறந்தால் தீட்டு. தீட்டு வந்தால் காப்பை அவிழ்க்க வேண்டும். தானாக வலி வந்தால் திருவிழா முடிந்துதான் வரும் என்பது ராக்காயியின் கணக்கு. ஆபரேசன் தேதியோ நடுவில் விழுந்துவிட்டது. கிளினிக்கில் சொன்ன வம்சம், கிம்சம் எல்லாம் சும்மா.

கோயிலடிக்குப் போனேன். மகேந்திரன் பந்தல் கட்டிக்கொண்டிருந்தான். கையில் மஞ்சள் கயிறு.

"அவளுக்காகத்தான் மிஸ் நேந்துக்கிட்டேன்" என்றான். "போன தடவ பட்டது போதும், இந்தத் தடவ நல்லபடியா பெத்து எந்திரிக்கணும்னுதான். இப்பப் போயி தீட்டாகிட்டா அம்மன் சும்மா விடுமா?"

அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் நான்கு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக வந்திருப்பேன்.

"அம்மனும் பொம்பளதான்யா" என்றேன். "அவளுக்குத் தெரியாதா இந்த வலி?"

தலையைக் குனிந்துகொண்டான். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றான். அம்மா என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாதா?

திரும்பி வந்து சாந்தியைத் தனியாகப் பிடித்தேன். யாரும் வேண்டாம், நீ வா, நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். அவள் பெரிய பிள்ளையின் எழும்பாத கையைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"நான் போயி, பிள்ளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆனா, சாமி குத்தம்னு சொல்லுவாங்க மிஸ். நாளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் அதத்தான் சொல்லுவாங்க. அந்தப் பேச்சக் கேட்டுக்கிட்டு நான் எப்படி அந்தப் பிள்ளைய வளக்குறது?"

டொக்டரிடம் கெஞ்சித் திருவிழாவுக்கு அடுத்த நாளுக்குத் தேதியை மாற்றி வாங்கினேன். வலி வந்தால் ஒரு நிமிஷமும் வைத்திருக்கக் கூடாது என்று ராக்காயியிடம் படித்துப் படித்துச் சொன்னேன். சரிங்க, சரிங்க என்றாள்.

வலிக்குத் தேதி தெரியுமா? தீச்சட்டி அன்று காலையிலேயே வந்துவிட்டது. சட்டியை இறக்கி வைக்கும் வரை சாந்தி வாயில் துணியைக் கடித்துக்கொண்டு உள்ளே கிடந்திருக்கிறாள். வெளியே பறைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? த்ரீவீலர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது பிள்ளையின் தலை கீழே இறங்கிவிட்டது. அதற்கு மேல் தெரிவு செய்ய ஒன்றும் இல்லை. ஆண் பிள்ளை, முதல் பிள்ளையைவிடப் பெரியது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. தாய்க்கு அதே இடத்தில், முன்னையைவிட மோசமாகக் கிழிந்தது.

வார்டில் ராக்காயி எல்லாருக்கும் கற்கண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள். என் கையிலும் வைத்தாள். "பாத்தீங்களா மிஸ், கத்தி படாம அம்மனே எடுத்துக் குடுத்துட்டா." சாந்தி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

3. பூசாரி சொன்னது

கொஞ்ச நாள் கழித்துப் பதுளை பஸ் ஸ்டாண்டில் அந்தக் கோயில் பூசாரியைக் கண்டேன். மனசு தாங்காமல் அவரிடம் கொட்டிவிட்டேன். மனிதர் திகைத்துப் போனார்.

"காப்புக் கட்டுன கைக்குத் தீட்டு இல்லைங்க மிஸ். சட்டி எடுக்குற வரைக்கும் அவன் வீட்டுக்குப் போகாம கோயில்லயே படுத்திருந்தா போதும். எங்க வழக்கமே அதுதான். எங்கிட்ட யாருங்க கேட்டா?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமியும் கொடுத்திருக்கிறது, பூசாரியும் கொடுத்திருக்கிறார். இடையில் நின்றது மாமியாரும் அம்மா பேச்சைத் தட்டாத ஒரு மகனும்தான்.

பிள்ளையைப் பார்க்க லயத்துக்குப் போனபோது இதைச் சாந்தியிடம் சொன்னேன். ஆத்திரப்படுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு இல்லை, தனக்கு.

"தீட்டு இல்லாட்டி வேற ஒண்ணு வந்திருக்கும் மிஸ்" என்றாள்.

புதிதாக வருகிற பிள்ளைகளே, திரையை இழுத்துவிட்டுப் பெண்ணிடம் தனியாகக் கேளுங்கள், அது வேண்டும். ஆனால் கேட்டதோடு பெருமைப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். தேதி வாங்கும் அன்றே புருஷனை வரச்சொல்லுங்கள், கோயிலில் எப்போது காப்பு என்று கேளுங்கள், தேவைப்பட்டால் பூசாரியையும் போய்ப் பாருங்கள். கிளினிக்கில் ஒரு பெண் சொன்ன சொல், கூட ஆள் போகாவிட்டால் லயத்து வாசலைத் தாண்டாது.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். சாந்தி மறுபடியும் மலைக்குப் போகிறாள். கொழுந்து நிறுக்கும்போது இன்னும் வரிசையின் கடைசியில்தான் நிற்கிறாள்.