கலீல் நானா இறங்கிய ஏணி

அன்று கப்பலில் நின்றவர்கள்: பாரம் தூக்கி இறக்கும் வின்ச் இயந்திரத்தை ஓட்டிய கலீல் நானா, கிண்ணியாக்காரர். கீழே சரக்கு அறைக்குள் தேயிலைப் பெட்டி அடுக்கிய தோமஸ். அவனோடு நின்ற உப்புவெளிக் கந்தையா அண்ணை. எங்கள் கங்காணி. மேல்தட்டில், அந்த அறையின் வாய் ஓரத்தில் நின்று கை காட்டிய நான்.

வின்ச் ஓட்டுகிறவருக்கு அறைக்குள் நடப்பது தெரியாது. வின்ச் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. என் கையைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். விரித்த கை என்றால் இறக்கு. மூடிய கை என்றால் நிறுத்து.

காலை பத்து மணியிருக்கும். ஒரே கட்டாகப் பன்னிரண்டு பெட்டி இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே தோமஸ் இடுப்புச் சாரத்தை அவிழ்த்துக் கட்டினான். நான் கையை மூடினேன். பெட்டிகள் நிற்கவில்லை. கந்தையா அண்ணை தோமஸைப் பிடித்து இழுத்தார். அவன் நின்ற இடத்தில் பெட்டிகள் விழுந்து இரண்டு உடைந்தன. தோமஸின் தலையெல்லாம் தேயிலைத் தூள்.

"நானா, தேத்தண்ணிதான் கேட்டனான். தலையில கொட்டச் சொல்லேல்லை!" என்று கத்தினான்.

கங்காணி ஓடி வந்தார். "என்னப்பா, பிரேக் வழுக்கினதோ?"

அந்த வின்சின் பிரேக் முன்பும் ஒருமுறை வழுக்கியிருந்தது. ஓம் என்றால் பழி பிரேக்கோடு முடிந்துவிடும். நான் வாயைத் திறந்தேன். நானா முந்திவிட்டார்.

"பிரேக் நல்லாத்தான் கிடக்கு. என்ட இடக்கண் பார்வை போயிட்டுது. மற்றதும் கொஞ்சம் மங்கல். தம்பி கையை மூடினதா விரிச்சதா எண்டு தெரியேல்ல."

"எப்ப இருந்து?"

"நோன்புக்கு முதல்ல இருந்து."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா இந்தக் கதிரை போயிடும். இண்டைக்கும் சொல்லாட்டி இவன்ட உசிர் போகும்."

பதினெட்டு வருடம் அவர் உட்கார்ந்து வின்ச் ஓட்டிய கதிரை. அதைவிட்டு எழும்பிவிட்டுத்தான் சொன்னார். அப்படி ஒருவரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"அப்ப நாளைக்கு வர வேண்டாம்" என்றார் கங்காணி.

கீழேயிருந்து தோமஸ் கத்தினான். "அவரைக் கீழ அனுப்புங்கோ. பெட்டி அடுக்க இருக்கிற கண் போதும்." சாக இருந்தவன் அவன்தான். கந்தையா அண்ணை மேலே ஏறி வந்தார். "வின்ச் நான் ஓட்டுறன். எனக்கு நானா பழக்கினவர்" என்றார்.

கங்காணி அறைக்குள் இறங்கும் ஏணியைக் காட்டினார். "ஏணியால இறங்க ஏலுமெண்டால் வேலை இருக்கு. ஏலாட்டி வீட்டை போகட்டும்."

இரும்பு ஏணி, நேர் செங்குத்து. நானா கால் வைத்தார். படி அகப்படவில்லை. திரும்ப வைத்தார். அகப்படவில்லை. கங்காணி பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒன்பது வருடமாக நான் அந்த வேலையில். வந்த புதிதில் ஒருநாள் ஏணியின் பாதியில் கீழே பார்த்து, கால் நடுங்கி, ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் காணவில்லை. அதன் பிறகு கை காட்டும் வேலையைக் கேட்டு வாங்கினேன். கீழே இறங்கச் சொன்னால் ஏதாவது சாட்டுச் சொல்வேன். பெருமை பிடித்தவன் என்று நினைத்துத் தோமஸ் எனக்குத் 'துரை' என்று பெயர் வைத்திருந்தான்.

"நில்லுங்கோ நானா" என்றேன். "எனக்கும் ஏணி பயம். கீழ பார்த்தால் கால் நடுங்கும். அதுதான் மேலயே நிக்கிறன்."

"எட, துரை பயந்தாங்கொள்ளியோ!" என்றான் தோமஸ்.

"ஓம்" என்றேன்.

நானா சிரிக்கவில்லை. "நீ முதல்ல இறங்கு. கீழ பார்க்காத. என்ட காலைப் பார்" என்றார்.

இறங்கினேன். அவர் எனக்கு மேலே. அவருடைய காலைப் பிடித்து ஒவ்வொரு படியாக வைத்தேன். அவர் படிகளைச் சத்தமாக எண்ணினார். என் கண் அவர் காலில் இருந்தபடியால் கீழே பார்க்க நேரம் கிடைக்கவில்லை. அடியில் தோமஸ் இரண்டு பேரையும் பிடித்தான். அதன் பிறகு அவன் என்னைத் துரை என்று கூப்பிட்டதில்லை.

நானா இன்னும் ஆறு வருடம் எங்களோடு வேலை செய்தார். எந்தக் கப்பலானாலும் அப்படித்தான் இறங்கினோம். என் மூத்த மகள் காய்ச்சலில் செத்த கதையை வீட்டில்கூட நான் வாய்விட்டுக் கதைத்ததில்லை. அவரிடம் கதைத்தேன். பெருநாளுக்குக் கிண்ணியா போனால் அவர் மனைவி, "ஏணித் தம்பி வந்திருக்கு" என்று உள்ளே சொல்லிச் சாப்பாடு போடுவா.

முதல் ஒன்பது வருடம் அவருக்குக் கையை மட்டும் காட்டினேன். அவரைப் பற்றி ஊரும் பேரும்தான் தெரியும். வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: ஏலாததை ஏலாது என்று பக்கத்தில் நிற்பவனுக்குச் சொல்லுங்கள். எனக்கு அதைச் சொல்ல ஒன்பது வருடம் எடுத்தது. சொன்ன பிறகு இறங்கினது இருபத்துமூன்று படி.