நோன்பு மாதத்து மதியச் சோறு

சென்ற வாரம் என் தங்கை பௌசியா செம்பூரிலிருந்து கோபர்கைரனேயில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். சாப்பாட்டுக்கு முன்னால் அவள் ஊசி போட்டுக்கொண்டபோது இன்சுலின் ஒரு சொட்டு மேஜை விரிப்பில் விழுந்தது. புதுப் பிளாஸ்திரியைப் பிரித்தால் ஒரு வாசனை வருமே, கிட்டத்தட்ட அது. பத்திரிகை அலுவலகத்தில் மற்றவர்களின் வாக்கியங்களை வெட்டியே காலம் கழித்தவள் நான். என் தட்டில் ஒரு கைப்பிடிச் சோற்றைக் குறைக்க இன்றுவரை முடிந்ததில்லை. பௌசியா சின்ன வயதிலிருந்து அளந்து சாப்பிடுகிறாள். அந்த வாசனை என்னை நேராக நாங்கள் வளர்ந்த தாராவிக்கு, ஈர மணல் நிரப்பிய ஒரு மண்பானைக்குக் கொண்டுபோய்விட்டது.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் சந்தில் யார் வீட்டிலும் ஃப்ரிஜ் கிடையாது. பெரிய பானையில் ஈர மணல், மணலுக்குள் சின்னப் பானை, அதற்குள் மருந்துப் புட்டி. மணல் காயாமல் தண்ணீர் தெளிப்பது என் பொறுப்பு. எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் என்றுகூடச் சொல்லலாம். பின்னால் கிடைத்தவற்றைவிட இதை ஒழுங்காகச் செய்தேன். வாப்பா தோல்பைப் பட்டறை வைத்திருந்தார். மிச்சத் தோலில் கண்ணாடி ஊசிக்கு ஓர் உறை தைத்துக் கொடுத்தார். பார்ப்பவர்கள் மூக்குக்கண்ணாடிக் கூடு என்று நினைப்பார்கள்.

காலையில் ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் இன்னொரு வேலை நடக்கும். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, பௌசியாவின் சிறுநீரில் சில சொட்டுகள் விட்டுச் சூடாக்க வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள் என்றால் கவலை. செங்கல் நிறம் வந்தால் முந்தின நாள் கை எங்கேயோ நீண்டிருக்கிறது என்று அர்த்தம். உம்மா குழாயை அவள் கையிலேயே கொடுத்துவிடுவாள்.

"நீயே பாத்துச் சொல்லுட்டி. உன் உடம்பு."

ஒருநாள் தெளிவான மஞ்சளைப் பார்த்துக்கொண்டே பௌசியா, "பச்சை உம்மா" என்றாள்.

"சரி, பச்சைன்னே வச்சுக்கிடுவோம். நாளைக்குச் சுருண்டு படுக்கும்போதும் பச்சைன்னே சொல்லு, என்ன?"

மறுநாளிலிருந்து நிறங்கள் சரியாகச் சொல்லப்பட்டன.

பிறகு அந்த வருஷத்து நோன்பு வந்தது. நல்ல கோடை. அப்போது பௌசியாவுக்குப் பத்து வயது, எனக்குப் பதிமூன்று. நோயாளிக்கு நோன்பு கடமையில்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லியிருந்தார். ஆனால் சந்தே நோன்பிருக்கும்போது ஒரு பிள்ளை நடுப்பகலில் சோறு தின்பதை எப்படிக் காட்டுவது? உம்மா அடுப்பங்கரை ஓரத்தில் ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டி, அதற்குப் பின்னால் தட்டு வைத்தாள். மரியாதைக்காகச் செய்தது அது. வினையும் அதில்தான் வந்தது.

திரைக்குப் பின்னால் போன சோறு, சுவரோரச் சன்னல் வழியாக வெளியே கட்டியிருந்த ஆட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. விடியுமுன் சஹருக்கு எங்களோடு எழுந்து சாப்பிட்டு, ஊசியும் போட்டுக்கொண்டு, மதியம் பட்டினி. ஊசி போட்ட உடம்புக்குச் சோறு போகாவிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். முதல் நாள் எப்படியோ தப்பித்தாள். இரண்டாம் நாள் பிற்பகல், பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தவளின் கை நடுங்கியது. கழுத்தெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்து வேறு யாருடைய பெயரையோ சொன்னாள். அப்படியே சாய்ந்தாள்.

உம்மா அவளை நிமிர்த்தி உட்காரவைத்து, "முழுங்குட்டி, முழுங்கு" என்று சீனித் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடிக்கவைத்தாள். தெளிந்ததும் பௌசியா அழுதாள். "எல்லாரும் நோன்பு பிடிக்காவ. நான் மட்டும் என்ன பாவம் செஞ்சேன்?"

வாப்பா பட்டறையிலிருந்து ஓடிவந்திருந்தார். "நாளையிலேருந்து மதியம் நான் வந்து பக்கத்துல உக்காந்து ஊட்டுதேன்."

"எத்தனை காலத்துக்கு ஊட்டுவீய? நாம மண்ணுக்குள்ள போன பொறவு யாரு ஊட்டுவா?" என்றாள் உம்மா.

மறுநாள் அந்தச் சேலைத் திரை துவைத்துக் கொடியில் காய்ந்தது. உம்மா பாயை வாசலோரம் விரித்தாள். கதவை முழுசாகத் திறந்து வைத்தாள். மதிய லுஹர் பாங்கு கேட்டதும் பௌசியாவே தட்டு எடுத்து, சிறு கிண்ணத்தால் அளந்து சோறு போட்டு, அங்கே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எதிர்வீட்டு மைமூன் மாமிக்குப் பொறுக்கவில்லை.

"ஊரே நோன்பா இருக்கு. வாசல்ல வச்சுத் திங்கச் சொல்லுதீயளே, நல்லாவா இருக்கு?"

"நல்லா இல்லதான் மைமூன். ஒளிச்சுத் திங்கச் சொன்னேன், ஒளிஞ்சு பட்டினி கெடந்தா. இனிமே எல்லாரும் பாக்கட்டும்."

மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பௌசியா தலையைக் குனிந்தபடி, சோற்றோடு கண்ணீரையும் சேர்த்துத் தின்றாள். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். உம்மாவின் மனசு கல் என்று நான் நினைத்தேன். சின்ன வயதில் தலையங்கம் எழுதுவது எவ்வளவு சுலபம்!

அடுத்த வாரம் உல்லாஸ்நகரில் உறவினர் ஒருவர் மௌத்தாகிவிட்டார். உம்மா என்னைக் கூட்டிக்கொண்டு துக்கம் கேட்கக் கிளம்பினாள். பௌசியாவை வீட்டில் விட்டாள். பட்டறையிலிருந்து வந்து பார்ப்பதாகச் சொன்ன வாப்பாவையும் வேண்டாமென்று தடுத்துவிட்டாள். சீனி டப்பா இருக்கும் இடத்தை மட்டும் மைமூன் மாமியிடம் சொல்லிவைத்தாள். ரயிலில் போகும்போதும் வரும்போதும் அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

சாயங்காலம் அசர் தொழுகை நேரம் தாண்டித் திரும்பினோம். சந்துக்குள் நுழைந்ததும் மாமி பாய்ந்து வந்தாள்.

"ஏ, உங்க மவ இன்னைக்கு என்ன செஞ்சா தெரியுமா? பாங்கு சொல்லி முடிக்கல, தட்டைத் தூக்கிட்டு வாசலுக்கு வந்துட்டா. இந்தப் பொட்டப்புள்ளைக எல்லாம் கூடிநின்னு, 'ரோஜா டூட் கயா, ரோஜா டூட் கயா'ன்னு கூப்பாடு. நோன்பு முறிஞ்சு போச்சாம்! அவ நிமிந்து பாத்து, 'தினமும் ஊசி குத்திக்கிட்டு நோன்பு பிடிச்சுக் காட்டுங்கட்டி, அப்பறம் பேசலாம்'ங்கா! ஒருத்தி வாயத் தொறக்கணுமே!"

மாமி மூச்சு வாங்கினாள். "மனசு கேக்காம ஒரு மாம்பழத்த நறுக்கிக் கொண்டு குடுத்தேன். 'ஒரு துண்டு போதும் மாமி. மிச்சம் தின்னா நாளைக்குக் காலையில குழாய்ல செங்கல் வந்துரும்'னு தட்டைத் திருப்பிக் குடுத்துட்டா. பத்து வயசுப் புள்ள!"

உம்மா உள்ளே போனாள். சோற்றுப் பானையைத் திறந்து அளவு பார்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். பார்க்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்த பௌசியாவின் காலடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். பிறகு நோன்புக் கஞ்சிக்கு அரிசி களையப் போனாள்.

அடுத்த நாளிலிருந்து லுஹர் பாங்கு முடிந்ததும் எதிர்வீட்டிலிருந்து ஒரு சத்தம் வரும்: "ஏ புள்ள, தட்டு வச்சாச்சா?" தானே நோன்பில் நா வறண்டு கிடந்தாலும் மாமி கேட்காமல் விட்டதில்லை. பௌசியா கல்யாணமாகிப் போகும்வரை எல்லா நோன்பிலும் அந்தக் குரல் இருந்தது.

அந்தச் சந்து இப்போது இல்லை. மைமூன் மாமியும் மௌத்தாகிப் பல வருஷமாகிறது; உம்மா அதற்கும் முன்னால். நீல மருந்தைக் கேட்டால் கடைக்காரப் பையன் முழிக்கிறான். செம்பூரில் பௌசியா இருக்கும் மாடியில் நாலு வீடு, நாலு கதவும் எப்போதும் சாத்தியே இருக்கின்றன. நோன்பு மாதத்தில் மதியம் யார் சாப்பிட்டார்கள், யார் பட்டினி என்று யாருக்கும் தெரியாது, கேட்கவும் மாட்டார்கள். லுஹர் நேரத்தில் அவள் எழுந்து சிறு கிண்ணத்தால் சோற்றை அளந்து போட்டுக்கொண்டு உட்காருகிறாள்.