கெட்டித் துண்டு

“மீன் அறுக்குற வூட்டுப் பொண்ணு, நீ இன்னாமே கேன்சரக் கண்டுபுடிக்கப் போற?” என்று கேலி செய்தார் ஆஸ்பத்திரி ஆய்வக உதவியாளர். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். சதைத் துண்டை மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்புக்குத் தருவதுதான் அங்கே என் வேலை; அதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

துறைமுகத் தொழிலாளி ஒருவரின் கணையக் கட்டியிலிருந்து வந்த துண்டுகளில், கெட்டியானதை மட்டும் சீவாமல் விட்டேன். நான் தீட்டிய கத்தி மழுங்கிவிடுமே! மற்றதைப் பார்த்த டாக்டர், வெறும் அழற்சிதான், புற்று இல்லை என்றார்.

“மாதா காப்பாத்திட்டா தங்கச்சி, வூட்டுக்கு இட்டுகினு போறேன்” என்று தொழிலாளியின் மனைவி என் கையைப் பிடித்தார். சீவாமல் விட்ட துண்டு நினைவுக்கு வந்தது.

“ரெண்டு நாள் இருங்கக்கா” என்று நிறுத்தி, டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். கெட்டித் துண்டையும் சீவிக் கொடுத்தேன்; அதில் இருந்தது அரிய வகைப் புற்று, அறுத்தெடுத்தால் பிழைக்கலாம். எடுத்தார்கள், பிழைத்தார்.

கெட்டித் துண்டுகளுக்கென்றே இன்னொரு கத்தியைத் தீட்டி வைத்துவிட்டேன்.